சண்டையே வராத பட்டாளப் படம்

அவருடைய சலூனில் தலையைக் கொடுத்தால் ஒரே மாதிரிதான் திரும்பக் கிடைக்கும். பக்கவாட்டில் ஒட்ட, மேலே விரலுக்குள் அடங்குகிற அளவு, பிடரியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாற்போல. "காது மூடற மாதிரி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்காருகிறவர்களும் உண்டு. அவர் "சரி" என்பார். அந்தச் சரிக்கும் காதுக்கும் சம்பந்தம் இருக்காது. தெருவில் அவருக்குப் பட்டாளம் என்று பெயர் வந்தது இதனால்தான் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையான காரணம் வேறு. அவர் பட்டாளத்தில் சேர முடியாமல் போனவர்.

இளவயதில் ஆள் எடுக்கும் மைதானத்துக்குப் போனார். ஓட்டத்தில் முன்னால் வந்தார், மார்பை விரித்துக் காட்டினார், கயிற்றில் ஏறி இறங்கினார். கடைசியில் காலை நனைத்துக்கொண்டு சிமென்ட் தரையில் நடக்கச் சொன்னபோது மாட்டிக்கொண்டார். பாதம் முழுசாகத் தரையில் பதிந்துவிட்டது. தட்டைப் பாதம், நெடுநேரம் நிற்க லாயக்கில்லை என்று டாக்டர் எழுதி அனுப்பிவிட்டார். அந்தப் பாதங்களை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேலாக, காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை, நாற்காலியைச் சுற்றி நின்றே பிழைக்கிறார். அந்த டாக்டரை ஒரு தடவையாவது தன் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை இருந்தது. எதற்கு என்று கேட்டால் சிரிப்பார்.

ஒருவனுக்குக் கிடைத்த வாழ்க்கையைவிடக் கிடைக்காத வாழ்க்கைதான் அவனை ஆள்கிறது என்று சொல்வார்கள். காதுக்கு இனிக்கிற இந்த மாதிரி வாக்கியங்களைச் சட்டென்று நம்பிவிடக் கூடாது. ஆனால் பட்டாளத்தின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள். வாசலில் செருப்புகள் மூக்கு வெளியே பார்க்க வரிசையாக நிற்கும். குளியலறையில் பல் துலக்கும் பிரஷ்களுக்குக்கூட உயர வரிசை உண்டு. பொழுது விடியுமுன் எல்லாரும் எழுந்துவிட வேண்டும். எழுந்து என்ன செய்வது என்பதற்கு மட்டும் உத்தரவு கிடையாது.

இந்தச் சட்டங்களுக்குக் கட்டுப்படாத ஒரே பிரஜை, மனைவியின் தம்பி. வேலை தேடி ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன், ஹால் சோபாவில் வருஷக்கணக்காக வேரூன்றிவிட்டான். அவனுக்கு விருந்தாளி என்று பெயர் வைத்தவரும் பட்டாளம்தான்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணிக் கிடங்கில் வேலை. வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சலவைக்கு அனுப்பி, திரும்பி வந்தால் மடித்து, கிழிந்ததைத் தனியே பிரித்து, அலமாரி அலமாரியாக அடுக்கும் வேலை. வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கை எதையாவது மடித்துக்கொண்டிருக்கும். விருந்தாளி சொல்வான், "அக்கா கிட்ட ரொம்ப நேரம் நிக்கக் கூடாது, நம்மளையும் நாலா மடிச்சு வெச்சிடும்."

இவர்களுடைய ஒரே மகள் பட்டாளத்துக்குத் தேர்வானாள்.

அப்பாவின் கால் அவளுக்கு வரவில்லை. யாரிடமும் அதிகம் சொல்லாமல் விண்ணப்பித்து, ஓடி, எழுதி, தேறி, வந்து சேரும்படி உத்தரவு கையில் வந்த பிறகுதான் வீட்டில் சொன்னாள். பட்டாளம் அன்றைக்கு வந்த தலைகளையெல்லாம் இலவசமாக வெட்டினார். சும்மா கிடைக்கிறதே என்று வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மனைவியோ சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எங்க கிடங்குல வெள்ளைத் துணியை எதுக்கெல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போறாங்கன்னு எனக்குத் தெரியும்ங்க" என்றாள் அப்புறம். "என் பொண்ணு மேல போர்த்தறதுக்கு நான் மடிச்சுக் குடுக்க மாட்டேன்."

"பட்டாளத்துக்குப் போனவங்க எல்லாம் செத்தா போயிட்டாங்க?"

"போகாத நீங்க உசுரோடதானே இருக்கீங்க. அது போதும் எனக்கு."

மகள் பிடிவாதக்காரிதான். ஆனால் அவளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பாதி வீடு அழ, பாதி வீடு கைதட்டக் கிளம்பிப் போக மாட்டேன் என்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே வார்த்தையாச் சொல்லுங்க. போன்னா போறேன், வேண்டாம்னா இருக்கேன். ஆளுக்கொண்ணு சொன்னா எனக்குக் கணக்கில்ல." சேர வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இருவரும் கல்யாணமான நாளிலிருந்து எந்த விஷயத்திலும் ஒரே வார்த்தையாகச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

இந்த நிலைமையில்தான், தெருவில் தாடி என்று பெயர் பெற்றவன் சலூனுக்குள் வந்தான். எதிர்க் கட்டடத்து மாடியில் ஒரு திரைப்படச் சங்கம் உண்டு. இரும்பு மடக்கு நாற்காலிகள், ஒரு வெள்ளைத் திரை, பெரும்பாலும் காலியான ஹால். அதற்குச் செயலாளர் அவன். பட்டாளத்திடம் தாடியை ஓரம் ஒதுக்கிக்கொள்வானே தவிர, தலையை நம்பிக் கொடுக்கமாட்டான். அன்றைக்கு ஒரு சுவரொட்டியோடு வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டான்.

சுவரொட்டியைப் பார்த்துப் பட்டாளத்தின் கத்தி நின்றது. பரந்த வெள்ளைத் தரை. அதில் கண்ணுக்கெட்டும் வரை துணி காயப்போடும் கொடி கட்டி, கொடியெல்லாம் ரத்தச் சிவப்பில் கம்பளிகள். நடுவில், கையகலத்துக்கு, தனியாக ஒரு சிப்பாய்.

"பட்டாளப் படமா தம்பி?"

"பட்டாளத்து வாழ்க்கையைப் பத்தின படம் சார். காட்சி ஒவ்வொண்ணும் ஓவியம் மாதிரி இருக்கும்."

"குண்டு வெடிச்சா பாக்க நல்லாத்தான் இருக்கும்."

"அப்படி இல்ல சார், இது கொஞ்சம் நிதானமான படம்."

"நிதானமாத்தான் குறி வைக்கணும்."

தாடி மேற்கொண்டு விளக்கவில்லை. ஓர் ஆள் படம் பார்க்க வருகிறேன் என்று சொன்னால் அந்தச் சங்கத்தில் அதை ஆராயும் வழக்கம் இல்லை. நாற்காலியில் பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் மட்டும், "அண்ணே, என்னை முடிச்சுட்டுச் சண்டைக்குப் போங்க" என்றார்.

பட்டாளத்தின் திட்டம் எளிமையானது. மனைவியைக் கூட்டிக்கொண்டு போவது. கொடி, அணிவகுப்பு, வாத்தியம், வீரம் எல்லாவற்றையும் அவள் கண்ணால் பார்த்தால் மனம் இளகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலை சலூனைச் சாத்தினார். சலூன்காரன் ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்துவது, சமையல்காரன் பந்தி நேரத்தில் குளிக்கப் போவதற்குச் சமம். மனைவி, மகள், கூப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்ட விருந்தாளி என்று நாலு பேராக மாடி ஏறினார்கள். சங்கத்தின் மொத்த உறுப்பினர்களைவிட இவர்கள் கூட்டம் பெரிதாக இருந்தது. தாடிக்குச் சந்தோஷத்தில் டார்ச் விளக்கு கை தவறியது.

படம் தொடங்கியது. வெள்ளைத் தரை. வேறொன்றும் இல்லை. தூரத்தில் ஒரு கறுப்புக் கோடு. கோடு மெல்ல மெல்லத் தடித்து, புள்ளிகளாகப் பிரிந்து, ஆட்களாகி, பூட்ஸ் சத்தம் கேட்கத் தொடங்கி, நெருங்கி, முகம் தெரியப்போகிற இடத்தில் ஓர் அதட்டல். எல்லாரும் அப்படியே திரும்பினார்கள். வந்த வழியே நடந்து, ஆட்கள் புள்ளிகளாகி, கோடாகி, மறைந்தார்கள்.

"என்ன மாமா, எதையாவது மறந்து வெச்சுட்டு வந்துட்டாங்களா?" என்றான் விருந்தாளி.

"பயிற்சிடா. இனிமேதான் ஆரம்பம்."

இனிமேல் வந்தது கம்பளிகள். சுவரொட்டியில் பார்த்த அதே சிவப்பு; காற்றில் வீங்கி, அடங்கி, மறுபடி வீங்கி, நூற்றுக்கணக்கில். அவற்றுக்கு நடுவே சிப்பாய்கள் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலும் கம்பளிகளைத் தூக்கி வந்து போட்டார்கள். பேச்சு அனேகமாக இல்லை. எப்போதாவது பேசியதும் இங்கே யாருக்கும் தெரியாத மொழி. பிறகு உருளைக்கிழங்கு உரித்தார்கள். உரித்த கிழங்குகள் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியில் விழுவதைக் கேமரா மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு உணவுக்காகத் தட்டோடு நின்றார்கள். பிறகு சும்மா நின்றார்கள்.

படம் நல்ல படமா? சிவப்பும் வெள்ளையும் நீண்ட நிழலும் யார் காட்டினாலும் அழகாகத்தான் இருக்கும்; அதற்காக எழுந்து நின்று கைதட்ட வேண்டியதில்லை. சில இடங்களில் படம் எடுத்தவர் தன் அழகிலேயே மயங்கி நிற்பதாகவும் தோன்றும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நிற்பதை நிற்பதாகவே, துவைப்பதைத் துவைப்பதாகவே காட்ட அவருக்குத் துணிச்சல் இருந்தது. பார்க்கிறவர்களுக்கும் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்தது.

"சண்டை எப்போ மாமா வரும்?"

"வரும். பேசாம பாரு."

"இடைவேளைக்கு அப்புறமா?"

"இடைவேளை இல்ல" என்றது இருட்டில் தாடியின் குரல்.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. திறந்த வெளியில் ஒரு முக்காலி. அதில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் உட்கார, பின்னால் நின்றவன் அவன் தலையை ஒட்ட வெட்டினான். எழுந்தான், அடுத்தவன். எழுந்தான், அடுத்தவன். உட்கார்ந்தவர்களின் முகத்தைக் கேமரா காட்டவேயில்லை. வெட்டுகிறவனின் கைகளை மட்டுமே பார்த்தது. காலடியில் கறுப்பும் பழுப்பும் மஞ்சளுமாக முடி மேடு கட்டியது. வரிசை முடிந்ததும் அவன் துடைப்பத்தை எடுத்து அந்த மேட்டைக் கூட்டித் தள்ளினான். பட்டை வைத்த சீருடைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, முக்காலியைக் கக்கத்தில் இடுக்கி, வெள்ளைத் தரையில் நடந்து போனான். தட்டுத் தட்டென்று, பாதத்தை முழுசாக வைத்து.

விருந்தாளி குனிந்து சிரித்தான். "மாமா, நீங்க!"

 பட்டாளம் செருப்பை உதறிவிட்டுப் பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

விளக்கு போட்டதும் தாடி ஓடி வந்தான். "எப்படி சார் இருந்தது?"

பட்டாளம் செருப்பைத் தேடினார். பதில் மனைவியிடமிருந்து வந்தது. அவள் முகம் பல நாளைக்குப் பிறகு தெளிந்திருந்தது. "ரொம்ப நல்ல படம் தம்பி. யாருமே சாகல."

வீட்டுக்கு வந்ததும் அவளே பேச்சை எடுத்தாள். "என்னங்க, இவ்வளவுதானா பட்டாளம்? இதைச் சொல்லியிருந்தா நான் ஏன் அழுதிருக்கப்போறேன்? துவைக்கறாங்க, காயப்போடறாங்க, மடிக்கறாங்க. படுக்கை விரிப்பு மூலையை எப்படி மடிச்சுச் சொருகறாங்க பாத்தீங்களா? எங்க ஆஸ்பத்திரியில தலைகீழா நின்னாலும் அது வராது. போயிட்டு வரட்டும்ங்க. நல்ல பழக்கம் வரும்."

"வேண்டாம்" என்றார் பட்டாளம்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். விருந்தாளி சோபாவில் எழுந்து உட்கார்ந்தான். அது அபூர்வமாக நடப்பது.

"அவ போக வேண்டாம். கிழங்கு உரிக்கவும் கம்பளி துவைக்கவுமா இவ்வளவு ஓடினா? அங்க ஒண்ணுமே நடக்கல. இத்தனை வருஷமா நான் என்னென்னவோ நினைச்சுட்டு இருந்தேன். நான் மட்டும் அன்னிக்குத் தேறியிருந்தா என்ன ஆகியிருக்கும்? என்ன வேலை தெரியும்னு அங்க இருக்கற அதிகாரி கேட்டிருப்பான். வெட்டத் தெரியும்னு சொல்லியிருப்பேன். இந்தா கத்தரி, அந்தா முக்காலின்னு நிறுத்தியிருப்பான். அங்கயும் இதேதான். கூட ஒரு சல்யூட்."

"சல்யூட் நல்லதுதானே மாமா. இங்க உங்களுக்கு யார் அடிக்கறா?"

"நீ படு" என்றார் அவர். விருந்தாளி படுத்துக்கொண்டான்.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நேத்து வரைக்கும் அப்பா போன்னாரு, அம்மா வேண்டாம்னாங்க. இன்னிக்கு அம்மா போன்னு சொல்றாங்க, அப்பா வேண்டாம்ன்றாரு. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு முறை மாத்தறீங்களா?"

"நீயும்தானே பாத்தே?" என்றார் பட்டாளம். "அதுல என்ன இருக்கு, சொல்லு. போற அளவுக்கு என்ன இருக்கு?"

நாலு பேர் ஒரே படத்தைப் பார்த்தார்கள் என்று சொல்வதெல்லாம் ஒரு வசதிக்குத்தான். மகள் சொன்ன காட்சியை மற்ற மூன்று பேரும் பார்த்ததாகவே நினைவில்லை.

"பெண்கள் தங்கற கொட்டாய் வந்துச்சே அப்பா. வரிசையா இரும்புக் கட்டில். ஒவ்வொரு கட்டில் காலடியிலயும் ஒரு இரும்புப் பெட்டி, அதுக்கு ஒரு பூட்டு. ஒரு பொண்ணு வந்து பெட்டியைத் திறக்கறா. சோப்பு வெக்கறா. பூட்டறா. சாவியைக் கழுத்துல போட்டுக்கறா. அப்புறம் கட்டில்ல சும்மா உக்காந்திருக்கா. யாரும் அவளை ஒண்ணும் கேக்கல. எனக்கு அது வேணும்."

"எது? பூட்டா?"

"எனக்குன்னு ஒரு கட்டில். எனக்குன்னு ஒரு பெட்டி."

பட்டாளத்துக்குச் சுரீரென்றது. "இந்த வீட்டுல உனக்கு என்ன குறை வெச்சேன்?"

மகள் வாயைத் திறக்குமுன் மனைவி, கையிலிருந்த துண்டை மடித்தபடியே சொன்னாள். "குறை ஒண்ணும் இல்லீங்க. இடம்தான் இல்ல."

அதை மறுக்க வழியில்லை. மகளின் துணி அம்மாவின் அலமாரியில் ஒரு தட்டு. புத்தகங்கள் சலூன் சரக்கு வைக்கும் பரணில், ஷேவிங் க்ரீம் பெட்டிகளுக்குப் பின்னால். சான்றிதழ்கள் ஃபிரிட்ஜ் மேல். படுக்கை, அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவில் கிடைக்கிற பாய் அளவு. கண்ணாடி முன் நின்று தலை வாரினால் ஹாலிலிருந்து விருந்தாளி அபிப்பிராயம் சொல்வான். செருப்புக்கும் பிரஷ்ஷுக்கும் இடம் குறித்துக் கொடுத்த வீட்டில், அவளுக்கு மட்டும் இடம் குறிக்க விட்டுப்போயிருந்தது.

 மறுநாள் சலூனில் பட்டாளம் ஒருவருக்கு மீசையைக் கேட்காமலே எடுத்துவிட்டார். அந்த மனிதர் கண்ணாடியைப் பார்த்து, "பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடுவாளா?" என்று கேட்டதற்கு, "வளரும்" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் எதிர் மாடியில் அதே படத்தை இரண்டாவது முறையாகவும் கடைசி முறையாகவும் போட்டார்கள். காத்திருந்த இரண்டு பேரிடம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டுத் தனியாக மாடி ஏறினார்.

தாடி நம்பாமல் பார்த்தான். "சார், நேத்துதானே பாத்தீங்க?"

"நேத்து சண்டைக்காகக் காத்துட்டு இருந்தேன் தம்பி. படம் பாக்கல."

சண்டை வராது என்று தெரிந்துவிட்ட கண்ணுக்கு அந்தப் படத்தில் பார்க்க நிறைய இருந்தது. கோடு வந்தது, போயிற்று. கம்பளிகள் வீங்கி அடங்கின. முடி வெட்டுகிறவன் வந்தபோது பட்டாளம் அவனைச் சக தொழிலாளியாகப் பார்த்தார். கத்தரி பிடிப்பில் ஒரு குறை கண்டுபிடித்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. பிறகு பெண்களின் கொட்டாய். நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

மகள் சொன்னதெல்லாம் அங்கே இருந்தது. சொல்லாத ஒன்றும் இருந்தது. பூட்டைப் பூட்டிய பிறகு அந்தப் பெண் அதை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். திறக்காது என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் கட்டிலில் உட்கார்ந்தாள். கேமரா அவளை அப்படியே விட்டுவைத்திருந்தது. அவள் சிரிக்கவில்லை, அழவில்லை, ஜன்னலைக்கூடப் பார்க்கவில்லை. தோள் மட்டும், யாரோ மேலிருந்து பிடித்திருந்த கையை எடுத்துவிட்டது போல, ஓர் அங்குலம் இறங்கியது. பட்டாளம் இத்தனை வருஷத்தில் எத்தனையோ தோள்களில் துணி போர்த்தியவர். தன் மகளின் தோள் அப்படி இறங்கி ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அந்த ஹாலில் வைத்துத்தான் அவருக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் பரணிலிருந்து எதையோ எடுக்க நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். விருந்தாளி சோபாவில் கிடந்தபடி அவளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். பட்டாளம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். யாரையும் பார்க்காமல் பேசினார்.

"அந்தப் பெட்டியைப் பாத்தேன். ரொம்ப ஆழம் இல்ல. இந்த வீட்டையே மூட்டை கட்டிக்கிட்டுப் போகாதே. ரெண்டு செட் துணி, சோப்பு, சீப்பு, அவ்வளவுதான் பிடிக்கும்."

மனைவியின் கை மடிப்பில் நின்றது. மகள் நாற்காலி மேலிருந்தே திரும்பினாள். "அப்போ ரெண்டு பேரும் ஒரே வார்த்தையா?"

"ஒரே வார்த்தைதான்" என்றாள் அம்மா. "கீழ இறங்கு முதல்ல, விழுந்து கால் உடைஞ்சா பட்டாளத்துல சேத்துக்க மாட்டாங்க."

மகள் இறங்கினாள். "பூட்டு அவங்களே குடுப்பாங்களா அப்பா?"

"படத்துல அதைக் காட்டல" என்றார் பட்டாளம். "எதுக்கு வம்பு, நாளைக்கு நாமே நல்லதா ஒண்ணு வாங்கிடுவோம். ரெண்டு சாவி வரும். ரெண்டையும் நீயே வெச்சுக்கோ."